சலம் எரிந்தால் எங்கே தொடங்குவது: பெண்களின் சலத்தொற்றை அறிகுறி பிடித்துப் பார்த்தல்

யாழ்ப்பாணத்தில் "சலக்கடுப்பு" என்ற ஒரு சொல்லுக்குள் பல வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. சலப்பையில் கிருமி, சிறுநீரகத்தில் கிருமி, பெண்ணுறுப்பில் பங்கசு (பூஞ்சணத் தொற்று), கல், வெயிலில் நின்று தண்ணி குடியாமல் தடித்துப்போன சலம், எதுவானாலும் முதலில் தெரிவது எரிவுதான். பாமசியில் "சலக்கடுப்புக்கு ரெண்டு குளிசை தாங்கோ" என்று வாங்கிப் போடுகிறவர்களில் சிலருக்குச் சுகம் வரும். மற்றவர்களுக்கு வருத்தம் அப்படியே இருக்க, பரிசோதனை மட்டும் கெட்டுப்போகும். அன்ரிபயோற்றிக் ஒன்றிரண்டு உள்ளே போனபின் எடுத்த சலத்தில் பெரும்பாலும் கிருமி வளராது. என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்ற கேள்விக்குப் பிறகு விடை கிடைக்காது.

ஆகவே இங்கே நோயின் பெயரை வைத்துப் பிரிக்கவில்லை. ஒரு பெண் வந்து வாய்விட்டு என்ன சொல்லுகிறாவோ அதை வைத்தே பிரித்திருக்கிறோம். உங்கள் முறைப்பாடு எதுவோ அங்கே தொடங்குங்கள்.

வாசிப்பதை விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிலைகளும் உண்டு. குலைப்பனோடு காய்ச்சல், குடித்த தண்ணியும் தங்காத சத்தி, எட்டு மணித்தியாலமாகச் சலமே போகாமை, தலைசுற்றி விழுதல், ஆள் தடுமாறிக் கதைத்தல், கர்ப்பிணிக்கு எந்த அளவு காய்ச்சலானாலும் சரி. 1990 அம்புலன்சைக் கூப்பிடலாம். நேரே யாழ் போதனா வைத்தியசாலைக்குத்தான் ஓடவேண்டும் என்றில்லை. தெல்லிப்பழை, சாவகச்சேரி, மந்திகை, ஊர்காவற்றுறை என்று கிட்ட உள்ள ஆதார வைத்தியசாலையில் முதல் ஊசியைக் கெதியாகப் போடுவதுதான் முக்கியம். நெடுந்தீவு போன்ற இடங்களில் இருப்பவர்கள், கடைசிப் படகு போனபிறகு யோசிக்கிற நிலைக்கு விடக்கூடாது.

"எரியுது, அடிக்கடி முட்டுது, போனால் துளிதான் போகுது. காய்ச்சல் இல்லை"

இது சலப்பைத் தொற்றின் முகம். அடிவயிற்றில் ஒரு பாரமும் சேர்ந்திருக்கும், சலம் கலங்கியிருக்கும், சிலருக்கு முடிவில் ஒரு துளி இரத்தமும் வரும். இந்த இடத்தில் ஒரேயொரு கேள்வி பெரிய வேலை செய்யும்: வெள்ளைபடுதலோ கடியோ (அரிப்போ) இருக்கிறதா? இரண்டும் இல்லை, எரிவும் அடிக்கடி போவதும் மட்டும் உண்டு என்றால் பத்தில் ஒன்பது தரம் அது சலப்பைத் தொற்றாகவே இருக்கும். பெண்களின் சலக்குழாய் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான் நீளம். குடலில் வழமையாக வாழும் ஈ. கோலை என்ற கிருமி அந்தச் சின்னத் தூரத்தைக் கடந்து மேலே ஏறுகிறது. அழுக்கானவர்களுக்குத்தான் இந்த வருத்தம் வரும் என்ற கதையில் உண்மை இல்லை. உடம்பின் அமைப்பு அப்படி.

வேறு வருத்தம் இல்லாத, கர்ப்பமில்லாத இளம் பெண்ணுக்கு முதற்தரம் வந்தால் கல்ச்சர் (சலத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கட்டாயமில்லை. அறிகுறியை வைத்தே மருந்து தொடங்கலாம். ஆனால் கர்ப்பம், சலரோகம் (நீரிழிவு), சிறுநீரக வருத்தம், கல், ஆறு மாதத்துக்குள் இரண்டாந்தரம், போனமுறை மருந்து பிடிக்காமை, இதில் ஒன்றாவது இருந்தால் முதற் குளிசைக்கு முன் கல்ச்சர் போத்தலில் சலம் எடுத்தாக வேண்டும். றிப்போட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போத்தலைக் கொடுத்துவிட்டுக் குளிசையைத் தொடங்கலாம். முறை மாறக்கூடாது என்பதே கணக்கு.

மருந்தென்றால் முதலில் நினைக்கவேண்டியது நைற்றோபியூரன்டோயின். மெல்லக் கரையும் வகை 100 மில்லிகிராம் என்றால் காலை, இரவு என இரண்டு வேளை, 5 நாள். சாதாரண 50 மில்லிகிராம் குளிசை என்றால் நாளுக்கு நான்கு வேளை. இரண்டும் ஒன்றல்ல, அட்டையில் எந்த வகை என்று பார்த்து, எத்தனை வேளை என்று கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் ஓங்காளம் குறையும், மருந்தும் நன்றாகச் சேரும். சலம் கடும் மஞ்சளாக, சில வேளை தேத்தண்ணி நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம். "இரத்தம் போகுது" என்று பயந்து மூன்றாம் நாள் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். சிறுநீரக வேலைத்திறன் (இரத்த றிப்போட்டில் eGFR) 45க்குக் கீழே இருப்பவர்களுக்கும், ஜி6பிடி என்ற நொதியத்தில் குறைபாடு உள்ளவர்களுக்கும், பிரசவத்தை நெருங்கியவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. புதிதாக இருமலோ மூச்சு முட்டலோ வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டவேண்டும்.

பொஸ்போமைசின் 3 கிராம் பொடி இன்னொரு வழி. ஒரேயொரு தரம், படுக்கப் போகமுன், வெறுவயிற்றில், சலப்பையைக் காலியாக்கிவிட்டு, அரைக் கிளாஸ் தண்ணியில் கரைத்துக் குடிப்பது.

சிப்ரோபுளொக்சசினை எடுத்தவுடன் கேட்காதீர்கள். தசைநார் அறுதல், நரம்புக் கோளாறு என்று அதற்குப் பாரதூரமான பக்கவிளைவுகள் உண்டு. வேறு வழி உள்ள சாதாரண சலத்தொற்றுக்கு இந்த வகை மருந்துகளைத் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. அதோடு, சிறுநீரகத் தொற்று என்று வரும் நாளில் கைகொடுக்கவேண்டிய மருந்தை எரிவுக்கே செலவழித்துவிட்டால் பிறகு எதைப் போடுவது?

வீட்டு வைத்தியத்தில் பார்லித் தண்ணியும் வெள்ளரிக்காயும் பாதகமில்லை. இளநீரும் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் கூட. சிறுநீரக வருத்தக்காரரும், பிறஷருக்கு எனலாபிறில், லோசாட்டன், ஸ்பைரோனோலக்ரோன் போன்றவை எடுப்பவர்களும் நாளுக்கு மூன்று நான்கு என்று குடிக்கக்கூடாது. பாமசியில் தரும் பொட்டாசியம் சிற்றேற் மிக்சருக்கும் இதே எச்சரிக்கைதான். அந்த மிக்சருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அது சலத்தின் புளிப்பைக் குறைக்கும், நைற்றோபியூரன்டோயினோ புளிப்பான சலத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்துக் குடித்துவிட்டு "குளிசை பிடிக்கேல்லை" என்று சொல்லிப் பயனில்லை. நெருஞ்சில் அவித்துக் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும். அதை நம்பி மூன்று நாள் காத்திருப்பதுதான் பிழை.

நோவுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமல். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அளவு குறையவேண்டும். எரிவு 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் நன்றாகக் குறையும்.

"எரியுது. ஆனால் கடியும் வெள்ளையும் இருக்கு"

எரிவு உள்ளுக்கா, வெளியிலா? சலம் வெளியே வந்து தோலில் படும்போது சுள்ளென்று எரிகிறது, சலப்பைப் பக்கம் ஒன்றும் இல்லை என்றால் பிரச்சினை அனேகமாகப் பெண்ணுறுப்பில். கேட்காவிட்டால் யாரும் இதைத் தாமாகச் சொல்வதில்லை. கூச்சத்தில் "சலக்கடுப்பு" என்று மட்டும் சொல்லி, அன்ரிபயோற்றிக் வாங்கிப் போட்டு, கடியை இரட்டிப்பாக்கிக்கொண்டு வருவார்கள். அன்ரிபயோற்றிக் நல்ல கிருமிகளையும் கொல்ல, பங்கசுக்கு இடம் காலியாகிறது.

தயிர் திரண்டதுபோல வெள்ளை, கடும் கடி, மணமில்லை என்றால் பங்கசு. குளொற்றிமசோல் 500 மில்லிகிராம் உள்வைக்கும் குளிசை ஒரே இரவு, அல்லது 200 மில்லிகிராம் மூன்று இரவு. சாம்பல் நிறத்தில் தண்ணிபோல, மீன் வெடுக்கோடு வந்தால் அது பக்ரீரியாக்களின் சமநிலை குழம்பியது. டொக்டர் மெற்றோனிடசோல் தருவார். மஞ்சளோ பச்சையோ நுரையோடு வந்தால், சின்னக் கொப்புளங்கள் இருந்தால், உறவின்போது அடிவயிறு நொந்தால், பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள். அங்கே சிகிச்சை இலவசம், விபரம் வெளியே போகாது. கணவருக்கும் சேர்த்து மருந்து தேவைப்படலாம்.

சலரோகத்துக்கு எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் எடுப்பவர்களுக்குச் சீனி சலத்தோடு வெளியேறுவதால் பங்கசு சுலபமாகப் பிடிக்கும். குளிசையைத் தானாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். டெற்றோல் கலந்த தண்ணியால் கழுவுவது, வாசனைச் சவர்க்காரம் போடுவது, இரண்டையும் இன்றோடு விடுங்கள். அந்த இடத்துக்கு வெறும் தண்ணி போதும்; கிருமிநாசினி தோலைச் சுட்டுவிட்டு, அந்த எரிவையே சலக்கடுப்பாகக் காட்டும்.

"குலைப்பன் காய்ச்சல். நாரிக்கு மேலே நோகுது"

"நாரி நோ" என்று சொல்லும் பத்துப் பேரில் பலருக்கு அது தசைப்பிடிப்பு. குனிந்தால், பாரம் தூக்கினால், திரும்பிப் படுத்தால் கூடும். சிறுநீரக நோ அதற்கு மேலே. கடைசி விலா எலும்பும் முள்ளந்தண்டும் சந்திக்கிற மூலையில், பெரும்பாலும் ஒரு பக்கம். எப்படிப் படுத்தாலும் அப்படியே இருக்கும். அந்த மூலையில் கையால் மெல்லத் தட்டினால் ஆள் துள்ளுவா. இதோடு 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சலும் ஓங்காளமும் சேர்ந்தால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றே எடுக்கவேண்டும். சல எரிவு இல்லாமலும் இப்படி வரலாம்.

இங்கே நைற்றோபியூரன்டோயினும் பொஸ்போமைசினும் பயன்படா. இரண்டும் சலத்தில் நிறையச் சேரும், சிறுநீரகத் தசைக்குள் போதிய அளவு போகா. வீட்டில் மிச்சம் கிடந்த பழைய அட்டையை எடுத்துப் போடுகிறவர்கள் மாட்டுப்படுவது இதில்தான்: எரிவு குறையும், காய்ச்சல் நிற்காது. கல்ச்சரும் இரத்தமும் எடுத்தபின் தகுந்த மருந்து, வகையைப் பொறுத்து 7 முதல் 14 நாள். சத்தி எடுப்பவருக்கும், கர்ப்பிணிக்கும், கடுமையாகச் சோர்ந்தவருக்கும் வாட்டில் ஊசியாகத்தான் தொடங்கவேண்டும். சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்க இரண்டு மூன்று நாள் செல்லும். 72 மணித்தியாலம் தாண்டியும் காய்ந்தால் ஸ்கான் எடுத்து, கல் அடைத்திருக்கிறதா, சீழ்கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்கினால் எந்த ஊசியும் தனியே காப்பாற்றாது, அடைப்பை எடுத்தாகவேண்டும்.

மாரி காலத்தில் இன்னொரு பொறி. காய்ச்சலோடு வந்தவரின் சல றிப்போட்டில் "பஸ் செல் 10" (பஸ் செல் என்றால் சீழ்ச் செல்) என்று கண்டால் சலத்தொற்று என்று முடித்துவிட மனம் வரும். எலிக்காய்ச்சலிலும் சலத்தில் பஸ் செல், இரத்த செல், புரதம் எல்லாம் வரும். 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் உயிர்ப்பலி எடுத்ததை மறக்கக்கூடாது. வயலில், வெள்ளத்தில் இறங்கினாரா, கெண்டைக்கால் தசை நோகிறதா, கண் சிவந்ததா, சலம் குறைந்ததா என்று கேளுங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை டெங்கும் சேர்ந்து ஓடும். ஆகவே இந்த மாதங்களில் சல றிப்போட்டோடு எஃப்.பி.சி. என்ற இரத்த அணுப் பரிசோதனையும் செய்து, இரத்தம் உறைய உதவும் பிளேற்றிலெட் எண்ணிக்கையைப் பார்த்தபின்தான் சலத்தொற்று என்று நிம்மதி அடையலாம். காய்ச்சலுக்கு இபுபுரூபன், டைகுளோபெனாக் வேண்டாம். டெங்கு என்றால் இரத்தக்கசிவு, எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகம் பழுது.

"சலம் சிவப்பாகப் போகுது"

நேற்று மத்தியானம் பீட்றூட் கறியா? சிரிக்கவேண்டாம், கேட்கவேண்டிய கேள்வி. காசநோய்க்கு எடுக்கும் ரிபாம்பிசின் செம்மஞ்சளாக்கும். மாதத்தீட்டு நாட்களில் எடுத்த சலத்தில் இரத்தம் இருப்பது அதிசயமில்லை.

எரிவோடு சேர்ந்த இரத்தம் சலப்பைத் தொற்றில் வழமை. மருந்து முடிந்து நான்கு முதல் ஆறு கிழமையில் ஒரு சல றிப்போட் செய்து இரத்த செல் போய்விட்டதா என்று உறுதிப்படுத்தினால் போதும். விலாவில் தொடங்கிக் கவட்டுப் பக்கம் இறங்கும், ஆளை நிலத்தில் உருட்டும் குத்து என்றால் கல். நோவே இல்லாமல் சிவந்து போகிறது, வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது என்றால் அதைத் தொற்று என்று மூடக்கூடாது. சலப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தொடங்கும். புகைத்தல் அதற்கு முதன்மையான காரணம். சுருட்டுப் பழக்கமுள்ள ஆச்சிமார் இதில் அடக்கம். ஒருதரம் வந்து தானாக நின்றாலும் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டுங்கள்.

"றிப்போட்டில் பஸ் செல் கூட என்று இருக்கு"

கேட்கப்படும் கேள்விகளில் பாதி இதுதான். தாளில் உள்ள எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை. ஆனால் தாளை வாசிக்கமுன், அந்தச் சலம் எப்படிப் போத்தலுக்குள் வந்தது என்று பார்க்கவேண்டும். பிழையில் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது.

1. ஆய்வுகூடம் தரும் மூடி போட்ட சுத்தமான போத்தல் மட்டும். கழுவின ஜாம் போத்தலும் மருந்துப் போத்தலும் வேண்டாம். மூடியைக் கடைசி நேரத்தில் திறந்து, உட்புறம் மேலே பார்க்க வையுங்கள். உள்ளே விரல் படக்கூடாது.

2. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பெண்ணுறுப்பை வெறும் தண்ணியால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றுங்கள். கிணற்றுவாளித் தண்ணி சொட்டச் சொட்டப் போத்தலைப் பிடித்தால் அந்தத் தண்ணியும் சேர்ந்துதான் பரிசோதனைக்குப் போகும்.

3. குந்தியிருந்து, ஒரு கையின் இரண்டு விரலால் இதழ்களை விரித்துப் பிடியுங்கள். முதற் சலத்தை கக்கூசுக்குள் விடுங்கள். ஓட்டம் நிற்காமல் நடுவில் போத்தலை நீட்டி அரைவாசிக்குப் பிடியுங்கள். கடைசிப் பகுதியும் வெளியே போகட்டும். வெள்ளைபடுதல் இருந்தால், தீட்டு நாளென்றால், ஒரு சுத்தமான பஞ்சை உள்ளே வைத்துவிட்டு எடுக்கலாம். தாளில் அதை எழுதச் சொல்லுங்கள்.

4. நான்கு மணித்தியாலமாவது சலப்பையில் தங்கிய சலம் நல்லது. விடியப்புறச் சலம் அதற்குத் தோதானது.

5. ஒரு மணித்தியாலத்துக்குள், பிந்தினால் இரண்டுக்குள், கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஐஸ் பையோடு கொண்டுபோங்கள். உறைய விடக்கூடாது. குளிரில் 24 மணித்தியாலம் தாங்கும்.

கடைசிப் படி ஏன் இவ்வளவு முக்கியம்? தோதான சூட்டில் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருதரம் இரட்டிக்கும். ஒரு கிருமி நான்கு மணித்தியாலத்தில் 4,096 ஆகும் வேகம் அது. கொடிகாமத்தில் காலையில் எடுத்து, கைப்பையில் வைத்து, பஸ்ஸில் வந்து, வரிசையில் நின்று கொடுத்த சலத்தில் "கிருமி +++" என்று வந்தால் அந்தக் கிருமி எங்கே வளர்ந்தது என்று யாரால் சொல்லமுடியும்?

இனித் தாளைப் பாருங்கள். பஸ் செல் 5 வரை வழமை. அதற்குப் பக்கத்தில் எபிதீலியல் செல் என்று ஒரு வரி இருக்கும். அதில் நிறைய என்று போட்டிருந்தால் தோலும் வெள்ளையும் கலந்திருக்கிறது, பஸ் செல் 15 என்றாலும் நம்பாமல் திரும்ப எடுங்கள். சில கிருமிகள் சலத்தில் உண்டாக்கும் நைற்றைற் என்ற பொருள் இருக்கிறது என்றால் தொற்றுக்கு நல்ல சாட்சி. இல்லையென்றால் தொற்று இல்லை என்று ஆகாது: சலம் போதிய நேரம் சலப்பையில் தங்காவிட்டாலும் வராது, எல்லாக் கிருமியும் அதைச் செய்வதும் இல்லை. ஒட்சலேற் பளிங்கு ஒன்றிரண்டு கண்டவுடன் கல் என்று முடிவுகட்டவேண்டாம். எம்பாகிளிபுளோசின் எடுப்பவரின் சலத்தில் சீனி ++++ என்று எப்போதும் இருக்கும். சலரோகம் கூடிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

கல்ச்சரில் 1 மில்லிலீற்றருக்கு 1 இலட்சத்துக்கு மேல் ஒரே கிருமி என்றால் தெளிவு. அறிகுறி உள்ள பெண்ணுக்கு 1,000 என்று வந்தாலும் அது தொற்றாக இருக்கலாம். பல கிருமி கலந்த வளர்ச்சி என்று எழுதியிருந்தால் அது பிடித்த முறையின் பிழை. கிருமி வளரவில்லை, பஸ் செல் மட்டும் நிறைய, இதுவே இரண்டு மூன்று தரம் வந்தால் முதலில் "மாதிரிக்கு முன் குளிசை போட்டீர்களா" என்று கேட்கவேண்டும். இல்லையென்றால் கிளமிடியா (உறவால் தொற்றும் கிருமி), கல், சிறுநீரகக் காசநோய் என்று தேடவேண்டும்.

கீழே எஸ், ஆர் என்று ஒரு பட்டியல். எஸ் என்றால் மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. எஸ் போட்டதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும் என்றில்லை. நைற்றோபியூரன்டோயினுக்கு நேரே எஸ் இருந்தாலும் சிறுநீரகத் தொற்றுக்கு அது உதவாது. ஈ.எஸ்.பி.எல். என்று எழுதியிருந்தால் பல ஊசிகளையும் செயலிழக்கச் செய்யும் கிருமி. காய்ச்சல் இல்லாத சலப்பைத் தொற்றென்றால் அதற்கும் நைற்றோபியூரன்டோயினோ பொஸ்போமைசினோ பல தரம் வேலை செய்யும், பயந்து வாட்டில் படுக்கவேண்டியதில்லை.

"குளிசை எடுத்து ரெண்டு நாளாச்சு. குறையேல்லை"

48 மணித்தியாலம் கணக்கு. அதற்குமேல் எரிவு அப்படியே இருந்தால் அதே குளிசையை இன்னும் ஐந்து நாள் நீட்டுவதில் பயனில்லை. கல்ச்சர் கொடுத்திருந்தால் றிப்போட்டை எடுத்துப் பாருங்கள், கொடுக்காவிட்டால் இப்போதாவது கொடுங்கள். அதற்கிடையில் எடுத்த முறையைச் சரிபாருங்கள். நான்கு வேளைக் குளிசையை இரண்டு வேளை போட்டீர்களா? சிப்ரோபுளொக்சசினை இரும்புக் குளிசை, கல்சியம், பால், வயிற்றெரிவு மருந்து இவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து குடலிலேயே கட்டுப்பட்டு மலத்தோடு போய்விடும். அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் அல்லது ஆறு மணித்தியாலம் பின்னர் எடுக்கவேண்டும். மக்னீசியம் ட்ரைசிலிகேற் கலந்த வயிற்று மருந்து நைற்றோபியூரன்டோயினுக்கும் தடை. நாலாம் ஐந்தாம் நாளில் எரிவு போய்க் கடி தொடங்கினால் அது பங்கசு.

சுகம் வந்தபிறகு "கிருமி போச்சா" என்று பார்க்கக் கர்ப்பிணி அல்லாதவர்கள் திரும்பக் கல்ச்சர் செய்யத் தேவையில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

"மாறுது, திரும்ப வருது"

ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஒரு வருடத்தில் மூன்று. அப்படியானால்தான் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்று பெயர். ஒவ்வொருமுறையும் கல்ச்சர் எடுத்து, தாள்களை ஒரே கோவையில் வையுங்கள். கல்ச்சர் ஒவ்வொருமுறையும் சுத்தமாக வருகிறது, முட்டல் மட்டும் விடாது என்றால் இது தொற்றே இல்லை. சலப்பை தானாகச் சுருங்குவதாக இருக்கலாம், சலப்பைச் சுவரின் நோவாக இருக்கலாம். இரண்டுக்கும் வேறு மருந்து.

நாளுக்கு ஒன்றரை லீற்றருக்குக் குறைவாகக் குடித்துவந்த பெண்களிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வு நடந்தது. மேலதிகமாக ஒன்றரை லீற்றர் தண்ணி குடித்தவர்களுக்கு வருடத்தில் சராசரி 1.7 தரமும், பழையபடி இருந்தவர்களுக்கு 3.2 தரமும் தொற்று வந்தது. இவ்வளவு மலிவான மருந்து வேறில்லை. ஆனால் எங்கள் பெண்கள் தண்ணி குடியாததற்குக் காரணம் மறதி அல்ல, போக இடமில்லாததுதான். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போகும் பெண் பின்னேரமே தண்ணியை நிறுத்திவிடுவா. பள்ளிக்கூடக் கக்கூசின் நிலை பார்த்து ரீச்சர்மாரும் பிள்ளைகளும் வீடு வரும்வரை அடக்குவார்கள். வெங்காயம் கிண்டும் தோட்டத்தில் மறைப்பே இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெயிலும் நிற்பும். இதற்கெல்லாம் முழு விடை எங்களிடம் இல்லை. பயணத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்வரை வடிவாகக் குடித்து, ஏறமுன் போய், பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும் இடத்தில் முட்டாவிட்டாலும் இறங்கிப் போங்கள். இறங்கின கையோடு அரை லீற்றர் குடியுங்கள். சலம் வைக்கோல் நிறத்தில் போனால் அளவு சரி. இருதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

புதுக்கலியாணம் முடித்தவர்களுக்கு உறவுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் வருகிறதா என்று கவனியுங்கள். உறவு முடிந்ததும் சலம் கழிப்பது நல்ல பழக்கம். அதற்கும் அடங்காவிட்டால் உறவுக்குப் பின் ஒரேயொரு குளிசை என்ற முறையை டொக்டர் தருவார். தீட்டு நின்றவர்களுக்குப் பெண்ணுறுப்பு உலர்ந்து மெலிவதால் கிருமி இலகுவில் குடியேறும். உள்ளே பூசும் ஈஸ்ரஜன் கிறீம் அவர்களுக்கு உண்மையிலேயே வேலை செய்யும். கேட்க வெட்கப்பட்டு வருடக்கணக்கில் அன்ரிபயோற்றிக் விழுங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம். கல்லோ, சலம் கழித்தபின் மிச்சம் தங்குவதோ இருக்கிறதா என்று ஒரு ஸ்கானும் பார்க்கலாம்.

"பிள்ளைத்தாச்சி. எரிவு ஒன்றும் இல்லை, ஆனால் கிருமி இருக்காம்"

கர்ப்பத்தில் மட்டும் கணக்கு மாறும். அறிகுறியே இல்லாத கிருமிக்கும் மருந்து கட்டாயம். விட்டால் நூற்றில் இருபத்தைந்து முப்பது பேருக்கு அது சிறுநீரகத்துக்கு ஏறும். குறைமாதப் பிரசவத்துக்கும் வழி. எனவே மருத்துவமாது சலப் போத்தல் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்று தட்டிக்கழிக்காதீர்கள். செபலெக்சின் போன்றவை பாதுகாப்பானவை. பிரசவம் நெருங்கினால் நைற்றோபியூரன்டோயினும், முதல் மூன்று மாதத்தில் ட்ரைமெதோப்ரிமும், எப்போதும் சிப்ரோபுளொக்சசின், டொக்சிசைக்கிளினும் தவிர்க்கப்படும். மருந்து முடிந்து ஒரு கிழமையில் திரும்பக் கல்ச்சர். சலத்தில் குழு பி ஸ்ரெப்ரோகொக்கசு என்ற கிருமி வந்திருந்தால் அதைக் கர்ப்பக் குறிப்பேட்டில் எழுதுவித்து, பிரசவ அறைக்குள் போகும்போது வாயாலும் சொல்லுங்கள். பிரசவக் குத்து வந்தவுடன் ஊசி போட்டால் பிள்ளைக்குக் காப்பு.

"ஆச்சிக்குச் சலம் மணக்குது, தடுமாறிக் கதைக்கிறா"

எண்பது வயதில் அறிகுறி இல்லாமல் சலத்தில் கிருமி இருப்பது சாதாரணம். அதற்கு மருந்து கொடுத்தால் பலன் இல்லை. வயிற்றோட்டமும், அடுத்தமுறை மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். மணம் என்றால் முதலில் தண்ணி. தடுமாற்றம் என்றால் சலத்தை மட்டும் பார்க்காமல் சோடியம், சீனி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய நித்திரைக் குளிசை, விழுந்து தலையில் அடிபட்டது எல்லாம் பார்க்கவேண்டும். புது எரிவு, காய்ச்சல், அடிவயிற்று நோ, புதிதாக அடக்கமுடியாமல் போவது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால்தான் சலத்தொற்று என்ற பேச்சு.

சலம் போக றப்பர்க் குழாய் (கதீற்றர்) போட்டிருக்கும் ஆச்சியின் சலத்தில் கிருமி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காய்ச்சலோ நடுக்கமோ இல்லாமல் கல்ச்சர் அனுப்பவேண்டாம். அனுப்பவேண்டி வந்தால், குழாய் இரண்டு கிழமைக்கு மேல் பழையது என்றால் அதை மாற்றி, புதுக் குழாயிலிருந்து எடுக்கவேண்டும். பையில் தேங்கிய சலத்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது.